மலேரியா கிருமி ஈரலுக்குள்ள போய் என்னதான் பண்ணுது? எங்க லேப்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிர்றேன், நான் டாக்டர் இல்ல. பாம்பன் பக்கம் ஒரு லேப்ல ரத்த ஸ்லைடு பார்க்கிற ஆளு, பதினாலு வருஷமா மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சே பொழப்பு ஓடுது, ஊருல லேப் அக்கான்னு கேட்டா காட்டுவாங்க. நம்ம ஆளுகளுக்கு விரலை நீட்டி ஊசி குத்துற நேரத்துலதான் உலகத்துல உள்ள சந்தேகம் எல்லாம் வரும். அந்த அவசரத்துல பாதிக்குப் பாதிதான் பதில் சொல்ல முடியுது. அதான் உக்காந்து எழுதிட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு, பதில்தான் கொஞ்சம் நீளமாப் போச்சு.

அக்கா, கொசு கடிச்சா கிருமி நேரா ரத்தத்துல கலந்து காய்ச்சல் வந்துருமா?

வராது. நேத்து ராத்திரி படகுத்துறைல கொசு கடிச்சுச்சு, இன்னைக்கு காய்ச்சல், மலேரியாவான்னு பார்த்துச் சொல்லுங்கன்னு வர்றவங்க நிறைய. நேத்து கடிச்ச கொசுவால இன்னைக்கு மலேரியா வரவே வராது, இன்னைக்கு வந்தது மலேரியான்னா அந்தக் கொசு கடிச்சு குறைஞ்சது ஒரு வாரம், பெரும்பாலும் பத்து பதினஞ்சு நாள் ஆகியிருக்கும். அவ்வளவு நாள் அந்தக் கிருமி எங்க இருந்துச்சுன்னா ஈரல்ல. கல்லீரல்னு புஸ்தகத்துல போட்டிருப்பாங்க, நம்ம பேச்சுல ஈரல்தானே, அப்படியே சொல்றேன்.

எல்லாக் கொசுவும் இதைக் கொண்டு வருமா?

அனாபிலஸ்னு ஒரு சாதிக் கொசு மட்டும்தான், அதுலயும் பொம்பளைக் கொசு மட்டும்தான், முட்டை வைக்க அதுக்குத்தான் ரத்தம் வேணும். சாக்கடைக் கொசு இல்ல இது. நல்ல தண்ணில வளர்றது. கிணறு, மாடில மூடி உடைஞ்ச சின்டெக்ஸ் டேங்க், சிமெண்டுத் தொட்டி, சவுக்குக் கண்ணுக்கு ஊத்தத் தோண்டுன குழி, இப்படி. நம்ம ஊருல தண்ணிக்குப் பட்ட பாடு தெரியும்ல, காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வந்தா ட்ரம்முல பிடிச்சு வைக்காம என்ன பண்றது, அந்த ட்ரம்முதான் அதுக்கு வீடு. அனாபிலஸ் ஸ்டீபன்சின்னு ஒரு வகை இருக்கு, டேங்குலயும் கிணத்துலயும் முட்டை போடுறதுல கெட்டிக்காரி. ராமேஸ்வரம் தீவுக்கு மலேரியா விஷயத்துல பழைய பேரு உண்டு, பாண்டிச்சேரி கொசு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1980கள்லயே இங்க வந்து கொசு பிடிச்சு ஆராய்ச்சி பண்ணிட்டுப் போயிருக்காங்க.

கடிச்ச இடத்துல என்ன நடக்குது?

கொசு எச்சில்ல கிருமி இருக்கும். இந்தப் பருவத்துக்கு ஸ்போரோசோயிட்னு பேரு. பார்க்க பிறை மாதிரி லேசா வளைஞ்ச ஊசி, நீளம் ஒரு மில்லிமீட்டரை நூறு துண்டாப் போட்டா ஒரு துண்டை விட கொஞ்சம் கூட. ஒரு கடில லட்சக்கணக்குல இறங்கும்னு நினைச்சீங்கன்னா இல்ல, பத்துல இருந்து நூறு வரைக்கும்தான் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. கொசு அதை நேரா ரத்தக்குழாய்ல விடுறதும் இல்ல, தோலுக்குள்ளதான் விடுது. அங்க இருந்து அதுவே வழி தேடணும். கையும் இல்ல, காலும் இல்ல, வாலும் இல்ல, ஆனா வழுக்கிக்கிட்டே போகும், பத்து செகண்டுல தன் நீளத்துக்கு நகர்ந்துரும், அந்த சைசுக்கு அது பெரிய ஓட்டம். சிலது தோல்லயே செத்துப் போகும், சிலது நெணநீர்ல வழி தவறிப் போகும், மிச்சம் ஏதோ ஒரு நுண்ணிய ரத்தக்குழாயைத் துளைச்சு உள்ள விழுந்துரும். சிலதுக்கு சில நிமிஷம், சிலதுக்கு மணிக்கணக்கு ஆகும்.

என்னைக் கேட்டா கிருமி ரொம்ப பலவீனமா இருக்கிற நேரமே இதுதான். மொத்தமே ஐம்பதோ அறுபதோ. இந்த நேரத்துல பிடிச்சா கதை முடிஞ்சுது. கடைசில தடுப்பூசி பத்தி சொல்லும்போது இதை ஞாபகம் வச்சுக்கங்க.

உடம்புல இவ்வளவு இடம் இருக்கு, ஈரல்னு அதுக்கு எப்படித் தெரியும்?

தெரியும்னு இல்ல. ரத்த ஓட்டத்துல அடிச்சுக்கிட்டு எல்லா இடத்துக்கும்தான் போகுது, ஈரல்ல மட்டும் மாட்டிக்குது. இல்லன்னா, வேணும்னே அங்க ஒட்டிக்குதுன்னு வச்சுக்கங்க.

ரத்தக்குழாய் உள்சுவத்துல எல்லாம் சர்க்கரைச் சங்கிலி மாதிரி ஒரு பொருள் ஒட்டியிருக்கும், ஹெப்பரான் சல்பேட்னு பேரு. உடம்பு முழுக்க இருக்கிற சரக்குதான், ஆனா ஈரல்ல இருக்கிறதுல சல்பேட் ரொம்ப அதிகம். கிருமியோட மேல்தோல் முழுக்க சிஎஸ் புரோட்டீன்னு ஒன்னு போர்வை மாதிரி மூடியிருக்கும், அந்தப் போர்வை இந்த சல்பேட் அதிகமான சங்கிலியைத் தொட்டதும் பிடிச்சுக்கும். நம்ம படகு அடிப்புறத்துல அலசி பிடிக்குமே, பாறைல பிடிக்கும் மரத்துல பிடிக்கும், மணல்ல பிடிக்காது, அப்படி எந்த இடத்துல பிடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒட்டுனதும் கிருமிக்கு உள்ளுக்குள்ள மாத்தம் ஆரம்பிச்சுரும், அந்தப் போர்வைப் புரோட்டீனை கொஞ்சம் வெட்டிக் கழட்டும், இது வரைக்கும் நடந்துக்கிட்டே இருந்த ஆளு இப்பதான் வீடு பார்க்க ஆரம்பிக்கும்.

இன்னொன்னு, ஈரல்ல ரத்தம் வேகமா ஓடாது. பாக் ஜலசந்திப் பக்கம் தண்ணி சாதுவாக் கிடக்கிற மாதிரி அந்தக் குழாய்கள்ல ரத்தம் மெதுவாத்தான் நகரும். ஒட்டிக்க வசதி.

சரி, செல்லுக்குள்ள எப்படி நுழையுது? ஓட்டை போட்டா?

இதைக் கேட்டது தங்கச்சிமடத்துல பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. நல்ல கேள்வி, ஏன்னா பதில் ரெண்டு. ஓட்டை போட்டும் போகுது, ஓட்டை போடாமலும் போகுது.

முதல்ல ரத்தக்குழாயை விட்டு வெளிய வரணும். ஈரல்ல உள்ள நுண்குழாய்ச் சுவரு வலை மாதிரிதான் இருக்கும், கண்ணு கண்ணா ஓட்டை. ஆனா அந்தக் கண்ணு ரொம்பப் பொடிசு, நெத்திலி வலைல சுறா நுழைய முடியுமா, அந்தக் கதை. அதனால சுவத்துச் செல்லு ஊடாவே துளைச்சுப் போகுது, இல்லன்னா அங்க காவலுக்கு இருக்கிற குப்ஃபர் செல்லுன்னு ஒன்னு, கிருமியைத் தின்னுறதுதான் அதுக்கு வேலையே, அதோட உடம்புக்குள்ளயே பூந்து அந்தப் பக்கம் வந்துரும். போலீஸ் ஸ்டேஷன் வழியா திருடன் நடந்து போற மாதிரி.

அப்புறம் ஈரல் செல்லு. முதல் செல்லுலயே தங்காது. ஒரு செல்லோட தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயி, அந்தப் பக்கம் கிழிச்சு வெளிய வந்து, அடுத்த செல்லு, அதுக்கு அடுத்த செல்லுன்னு சிலதைத் தாண்டித்தான் போகும். இதை 2001ல எலிக்கு வர்ற மலேரியாவை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. கிழிபட்ட செல்லுல சிலது செத்துரும், சிலது தானே தைச்சுக்கும். இந்தக் கிழிக்கிற வேலைக்கு கிருமிகிட்ட தனிப் புரோட்டீன்களே இருக்கு, அதை எடுத்துட்டா கிருமியால ஈரல் வரைக்கும் ஒழுங்கா வந்து சேர முடியல.

கடைசியா ஒரு செல்லுல தங்குது பாருங்க, அதுல மட்டும் கிழிக்காது. இதுதான் எனக்கு எப்பப் படிச்சாலும் ஆச்சரியமா இருக்கும். மூக்கை செல்லோட தோல்ல அழுத்தி வைக்கும், ரெண்டு தோலும் சேர்ற இடத்துல ஒரு வளையம் மாதிரி இறுக்கமாப் பிடிச்சுக்கும், அந்த வளையம் வழியா தன்னைத் தானே இழுத்துக்கிட்டு உள்ள போகும், போகப் போக செல்லோட தோல் உள்பக்கமா மடிஞ்சு கிருமியைச் சுத்தி ஒரு பை ஆயிரும். ஊதுன பலூன்ல விரலை வச்சு அமுக்கிப் பாருங்க, விரல் உள்ள போகும், பலூன் உடையாது, விரலைச் சுத்தி ரப்பர் மூடிக்கும். அதேதான். முழுசா உள்ள போனதும் வாய் மூடிரும். இப்ப கிருமி செல்லுக்கு உள்ளயும் இருக்கு, ஆனா செல்லோட சாறுல நேரா படாம ஒரு பைக்குள்ளயும் இருக்கு.

இதுக்கு செல்லு மேல கதவு மாதிரி சில புரோட்டீன் வேணும். மூளை மலேரியா வரைக்கும் கொண்டு போற ஃபால்சிபாரம் வகைக்கு சிடி81னு ஒன்னு வேணும், ஹெபடைட்டிஸ் சி வைரஸ் உள்ள போறதுக்கும் இதே கதவு வேணும்ங்கிறது கூடுதல் தகவல். நம்ம நாட்டுல நிறைய பார்க்கிற வைவாக்ஸ் வகைக்கு வேற கதவு, நல்ல கொலஸ்ட்ராலை ஈரலுக்குள்ள வாங்குற எஸ்ஆர்-பி1. சாப்பாடு வர்ற கதவு வழியாவே திருடனும் வர்றான். அதுக்காக கதவைப் பூட்ட முடியுமா?

உள்ள போய் என்ன பண்ணும்?

தின்னும், பெருகும். ஊசி மாதிரி இருந்தது உருண்டையாயிரும், உடைச்சு நுழையுற கருவி எல்லாம் இனி வேண்டாம்னு கரைச்சுரும். அப்புறம் உட்கரு ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு போய்க்கிட்டே இருக்கும், செல்லு பிரியாது, ஒரே பைக்குள்ள ஆயிரக்கணக்குல உட்கரு. சினை மீனு வயித்தைக் கீறுனா எப்படி இருக்கும், வயிறு முழுக்க முட்டையா, மீனுக்கு வேற ஒன்னுமே இல்லாத மாதிரி. கடைசி நாள்ல அந்த ஈரல் செல்லு அப்படித்தான் இருக்கும். செல்லு தன்னோட அளவை விட பல மடங்கு வீங்கிப் போயிருக்கும்.

ஃபால்சிபாரம்னா ஆறேழு நாள், ஒரு கிருமில இருந்து முப்பது நாப்பதாயிரம் குட்டி வரைக்கும். வைவாக்ஸ்னா எட்டு நாள் போல, பத்தாயிரம். ஒன்னு போட்டு நாப்பதாயிரம் எடுக்கிற யாவாரம் கடல்லயே கிடையாது.

செல்லு சும்மா இருக்குமான்னா இருக்காது. உள்ள அன்னிய ஆளு வந்தா செல்லுக தன்னைத் தானே சாகடிச்சுக்கும், அப்படி ஒரு ஏற்பாடு உண்டு, கிருமி அந்த ஏற்பாட்டை அடக்கி வச்சுருது. பையைச் சுத்தி செல்லோட குப்பை அள்ளுற கூட்டம் வந்து அரிக்கப் பார்க்கும், கொஞ்சம் கிருமி அதுல செத்தும் போகும். ஜெயிச்சதுதான் மிச்சம்.

ஈரல் வலிக்காதா? மஞ்சக்காமாலை வராதா?

இந்தக் கட்டத்துல ஒன்னும் தெரியாது. ஈரல் ஒன்னரைக் கிலோ, கோடானுகோடி செல்லு, அதுல கிருமி பிடிச்சது பத்தோ இருபதோ. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, பசி குறையாது, கடலுக்குப் போய்ட்டு வந்து நண்டு ரசம் வச்சு நல்லாவே சாப்பிடுவீங்க. ஈரல் டெஸ்ட் எடுத்தாலும் நார்மல்னுதான் வரும். ஸ்லைடுலயும் தெரியாது, ஏன்னா ரத்தத்துல ஒன்னும் இல்ல.

மலேரியால கண்ணு மஞ்சளாகுறது உண்டு, அது பிந்தி, ரத்தச் செல்லுக கூட்டமா உடையுறப்போ, நோய் முத்துனப்போ வர்றது. அப்படி வந்தா லேப்புக்கு வந்து வரிசைல நிக்காம நேரா ஜிஎச்சுக்குப் போங்க.

வெளிய எப்படி வருது?

செல்லு டப்புன்னு வெடிச்சு கொட்டும்னுதான் நானும் படிச்சேன். 2006ல எலி மலேரியாவை உயிரோட படம் பிடிச்சுப் பார்த்தப்போ வேற மாதிரி இருந்துச்சு. ஈரல் செல்லோட தோலையே பை மாதிரி கிள்ளி எடுத்து, அதுக்குள்ள குட்டிகளை நிறைச்சு, சின்னச் சின்ன பொட்டலமா ரத்தக்குழாய்ல விடுது. மெரோசோம்னு பேரு. வெளிய நிக்கிற காவல் செல்லுக்கு அது நம்ம ஈரல் செல்லுத் துண்டு மாதிரிதான் தெரியும், தொடாது. பொட்டலம் இதயத்தைத் தாண்டி நுரையீரல் நுண்குழாய் வரைக்கும் போய் அங்கதான் பிரியுது. அரிசி மூட்டைக்குள்ள வச்சு செக்போஸ்ட்டைத் தாண்டுற வேலை, நம்ம பக்கம் இதை விளக்கிச் சொல்ல வேண்டாம்.

பொட்டலம் பிரிஞ்சு வர்ற குட்டிக்கு மெரோசோயிட்னு பேரு. அது திரும்ப ஈரலுக்குப் போகாது, போகவும் தெரியாது. சிவப்பு ரத்தச் செல்லு மட்டும்தான் அதுக்கு. அங்க போய் ரெண்டு நாளைக்கு ஒருக்கா பெருகி உடைச்சு, பெருகி உடைச்சு, அந்த உடையுற நேரத்துலதான் உதறலோட காய்ச்சல். பெரியவங்க முறைக்காய்ச்சல்னு சொல்றது இந்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்கைத்தான்.

முதல் நாள் டெஸ்ட்ல இல்லன்னு வந்துச்சு, மூணாம் நாள் இருக்குன்னு வந்துச்சு. நீங்க ஒழுங்காப் பார்க்கலையா?

கேக்குறது நியாயம். ஒரு கணக்குப் போடுவோம். பத்து ஈரல் செல்லு, ஒவ்வொன்னுல இருந்தும் முப்பதாயிரம்னா மூணு லட்சம். உடம்புல ரத்தம் அஞ்சு லிட்டர், அதாவது ஐம்பது லட்சம் மைக்ரோலிட்டர். பதினாறு பதினேழு மைக்ரோலிட்டருக்கு ஒரு கிருமி. நான் ஸ்லைடுல வைக்கிற சொட்டே அதை விடக் குறைச்சல், எப்படிக் கண்ணுல படும்? ரத்தத்துல ரெண்டு மூணு சுத்து பெருகுன பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். அதனால காய்ச்சல் நிக்கலன்னா திரும்ப வந்து குத்திக்கங்கன்னு சொல்றது காசுக்கு இல்ல.

இது ஈரலுக்குப் போகுதுன்னு யாரு கண்டுபிடிச்சா?

இதுல ஒரு நல்ல கதை இருக்கு. லாவரான்னு பிரெஞ்சுக்கார டாக்டர் 1880ல அல்ஜீரியால ரத்தத்துல கிருமியைப் பார்த்துட்டாரு. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்துல கொசு வயித்துல அதைப் பார்த்துட்டாரு. அப்போ கொசுவும் தெரியும், ரத்தமும் தெரியும், நடுவுல என்னன்னு யாருக்கும் தெரியல. 1903ல ஷாவுதின்னு ஒரு ஜெர்மன்காரரு, பெரிய ஆளு, கொசுல இருந்து வர்ற கிருமி நேரா ரத்தச் செல்லுக்குள்ள நுழையுறதை நான் கண்ணால பார்த்தேன்னு எழுதிட்டாரு. பெரிய மனுஷன் சொன்னா அப்பீல் ஏது, நாப்பது வருஷத்துக்கும் மேல எல்லாரும் அதையே நம்புனாங்க. ஆனா கணக்கு உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. நேரா ரத்தத்துக்குப் போகுதுன்னா பத்து நாள் எங்க போச்சு?

ரெண்டாம் உலகப்போர் சமயம் ஆஸ்திரேலியால ஃபேர்லின்னு ஒரு டாக்டர் ராணுவத்து ஆளுகளை வச்சு ஒரு சோதனை பண்ணுனாரு. கிருமி உள்ள கொசுவைக் கடிக்க விட்டு, அவங்க ரத்தத்தை நேரம் பார்த்து எடுத்து இன்னொருத்தருக்கு ஏத்துனாங்க. கடிச்சு அரை மணி நேரத்துக்குள்ள எடுத்த ரத்தம்னா ஏத்துன ஆளுக்கு மலேரியா வந்துச்சு. அதுக்கு அப்புறம் எடுத்தா வரல. அஞ்சாறு நாள் வரைக்கும் வரல. ஆறேழு நாள் கழிச்சு எடுத்தா திரும்ப வந்துச்சு. அப்போ அந்த ஒரு வாரம் கிருமி ரத்தத்துல இல்ல, வேற எங்கயோ போய் ஒளிஞ்சு பெருகிட்டு வருது. எங்கன்னுதான் தெரியல.

1948ல லண்டன்ல ஷார்ட், கார்ன்ஹாம்னு ரெண்டு பேரு, இதுல ஷார்ட் நம்ம நாட்டுல இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவரு, ஒரு குரங்கை நூத்துக்கணக்கான கொசுவை விட்டு கடிக்க வச்சு ஒரு வாரம் கழிச்சு ஈரலை வெட்டிப் பார்த்தாங்க, அங்க உக்காந்திருந்துச்சு. அதே வருஷம் மனுஷ ஈரல்லயும் பார்த்தாச்சு. ராஸ் கொசுவைப் பிடிச்சு அம்பது வருஷம் ஆயிருச்சு அதுக்குள்ள.

மாத்திரை போட்டு நல்லாயிருச்சு, நாலு மாசம் கழிச்சு திரும்ப வந்துருச்சு. இங்க கொசுவே இல்லையே, எப்படி?

எங்க சித்தி மகன் ஒருத்தன் மங்களூர்ல படகு வேலைக்குப் போயிருந்தான். அந்த ஊரும் மலேரியாவுக்குப் பேர் போன ஊருதான். அங்க காய்ச்சல் வந்து வைவாக்ஸ்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்க, மூணு நாள்ல காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை பைக்குள்ள போட்டுட்டு கடலுக்குப் போய்ட்டான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனுக்கு இங்க வந்து உதறல். அவங்க அம்மா பக்கத்து வீட்டு தொட்டித் தண்ணிதான் காரணம்னு சண்டைக்குப் போயிட்டாங்க. தொட்டில கொசு இருந்தது நிசம்தான், ஆனா இந்தக் காய்ச்சலுக்கு அது காரணம் இல்ல, அது மங்களூர்ல கடிச்ச அதே பழைய கொசு.

வைவாக்ஸ் கிருமி ஈரலுக்குள்ள போனதும் எல்லாம் உடனே பெருகாது. கொஞ்சம் தூங்கிரும். ஹிப்னோசோயிட்னு பேரு, தூங்குற கிருமின்னுதான் அர்த்தம், 1980 வாக்குலதான் அதைக் கண்ணால பார்த்தாங்க. ஒரு செல்லுக்குள்ள ஒத்தையா, பெருகாம, சத்தமில்லாமக் கிடக்கும். சில வாரத்துல முழிக்கலாம், ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சும் முழிக்கலாம். முழிச்சதும் அதே கதை, பெருகி, பொட்டலம் கட்டி, ரத்தத்துக்கு வந்து, உதறல். ஓவேல்னு இன்னொரு வகைலயும் இப்படி உண்டு. ஃபால்சிபாரத்துல தூக்கம் கிடையாது.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதை சீமைக்கருவேலையை வச்சுச் சொன்னா பட்டுன்னு புரியும். மேல உள்ளதை வெட்டிட்டா கரம்பை சுத்தமாத்தான் தெரியும். மண்ணுக்குள்ள வேரும் விதையும் கிடக்குல்ல, ஒரு மழை போதும். காய்ச்சலுக்குக் குடுக்கிற குளோரோகுயின் மாத்திரை மேல உள்ள மரத்தை வெட்டும், அதாவது ரத்தத்துல உள்ளதை. ஈரல்ல கிடக்கிறதை அது தொடாது. காய்ச்சல் விட்டது வேற, கிருமி போனது வேற.

அப்போ வேரைத் தோண்டுறது எது?

பிரைமாகுயின். வைவாக்ஸ்னா நம்ம நாட்டுல 14 நாள் குடுப்பாங்க, எடைக்குத் தக்க டாக்டர் கணக்குப் பண்ணுவாரு. நம்ம ஆளுக தோக்குறது இந்த 14 நாள்லதான். நாலாம் நாள் உடம்பு தேறிருது, வயிறு லேசா எரியும், படகு கிளம்புது, மாத்திரை அலமாரில கிடக்கும். வெறும் வயித்துல போடாம சோத்துக்கு அப்புறம் போடுங்க, எரிச்சல் குறையும். படகுக்கு எடுத்துட்டுப் போறவங்க பிளாஸ்டிக் டப்பால போட்டு மேல நாளை எழுதி வச்சுக்கங்க, எங்க வீட்ல அப்படித்தான் செஞ்சோம்.

ஆனா இது எல்லாரும் போடக்கூடிய மாத்திரை இல்ல, தயவு செஞ்சு பக்கத்து வீட்டுக்காரங்க மிச்சம் வச்சதை வாங்கிப் போடாதீங்க. ஜி6பிடின்னு ஒரு என்சைம் சிலருக்குப் பிறவிலயே குறைவா இருக்கும், ஆம்பளைகளுக்குத்தான் அதிகம் வெளிய தெரியும், அவங்க இதைப் போட்டா ரத்தச் செல்லு உடைய ஆரம்பிச்சுரும். ஒன்னுக்கு டிகாஷன் கலர்ல போச்சுன்னா, கண்ணு மஞ்சளாச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுக்கு முன்னாடியே ஜி6பிடி டெஸ்ட் எடுத்துட்டா நல்லது. மாசமா இருக்கிறவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் குடுக்க மாட்டாங்க. டஃபெனோகுயின்னு ஒரே வேளை மாத்திரை 2018ல அமெரிக்கால அனுமதி ஆச்சு, அதுக்கும் இதே ஜி6பிடி கண்டிஷன், இன்னும் கறாரா.

தூங்குற கிருமி இருக்கா இல்லையான்னு ரத்தத்துல பார்த்துச் சொல்ல முடியாதா தாயி?

முடியாது அப்பத்தா. ஆஸ்பத்திரில எடுக்கிற எந்த டெஸ்ட்லயும் அது தெரியாது, ஸ்கேன்லயும் தெரியாது. ஒன்னரைக் கிலோ ஈரல்ல நாலஞ்சு செல்லுக்குள்ள தூங்குறதை எங்க போய்த் தேடுறது? வைவாக்ஸ்னு ரிப்போர்ட் வந்தா தூங்குறதும் இருக்கும்னு வச்சுக்கிட்டுத்தான் மாத்திரை குடுக்கிறாங்க.

ரத்தம் ஏத்துனதால மலேரியா வந்தா அதுவும் ஈரலுக்குப் போகுமா?

போகாது. ஈரலுக்குள்ள நுழையத் தெரிஞ்சது கொசு எச்சில்ல வர்ற ஸ்போரோசோயிட் மட்டும்தான். ரத்தத்துல இருக்கிறது ரத்தத்தோட சரி. அதனால அப்படி வந்த வைவாக்ஸ்ல தூங்குற கிருமி கிடையாது, அம்மாகிட்ட இருந்து வயித்துப் பிள்ளைக்கு வர்றதுலயும் அப்படித்தான்.

கீழாநெல்லி, நிலவேம்பு குடிச்சா ஈரல் சுத்தமாகாதா? எங்க மச்சான் குவாட்டர் அடிச்சா கிருமி செத்துரும்ங்கிறாரு.

கசாயத்தை நான் குறை சொல்லல, எங்க வீட்லயும் போடுறதுதான், ஆனா மலேரியா மாத்திரைக்குப் பதிலா அதைக் குடிச்சுக்கிட்டு இருந்தா ஃபால்சிபாரம் ஆளையே கொண்டு போயிரும். குவாட்டர்ல கிருமி சாகாது. கிருமி பைக்குள்ள பத்திரமா இருக்கு, அடி வாங்குறது நல்லா இருக்கிற மிச்ச ஈரல்தான். மச்சானை என்கிட்ட அனுப்பி வைங்க.

தடுப்பூசி வந்துருச்சாமே?

வந்துருச்சு, ரெண்டு. ஆர்டிஎஸ்,எஸ்னு ஒன்னு, 2021 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை பண்ணுச்சு. ஆர்21னு இன்னொன்னு, 2023 அக்டோபர்ல, அதைத் தயாரிக்கிறது நம்ம புனே சீரம் இன்ஸ்டிடியூட். ரெண்டுமே குறி வைக்கிறது நான் மேல சொன்ன சிஎஸ் போர்வையைத்தான். ஐம்பது அறுபது கிருமி ஈரலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மறிச்சுப் பிடிக்கிற ஏற்பாடு. ஒன்னு தப்பிச்சு ஒரே ஒரு செல்லுக்குள்ள போனாலும் முப்பதாயிரமா வரும்ங்கிறதால முழுப் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது. ரெண்டும் ஃபால்சிபாரத்துக்கு, ஆப்பிரிக்கக் குழந்தைகளை மனசுல வச்சு செஞ்சது. வைவாக்ஸுக்கு இது வேலை செய்யாது, நம்ம ஊரு குழந்தைகளுக்குப் போடுற தடுப்பூசி அட்டவணைலயும் இல்ல.

அந்தக் கரைல ஒழிச்சுட்டாங்களாமே, நமக்கு மட்டும் ஏன்?

உண்மைதான். இலங்கைல உள்நாட்டுல பரவுன கடைசி மலேரியா 2012 அக்டோபர்ல, 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கிட்டாங்க. தனுஷ்கோடில நின்னா கூப்பிடு தூரம். ஆனா பாருங்க, சான்றிதழ் வாங்குன அதே வருஷக் கடைசில மன்னார்ல, நேரா நமக்கு எதிர்க்கரைல, நம்ம டேங்குக் கொசு ஸ்டீபன்சி முதல் தடவையா அகப்பட்டுச்சு. அதுல இருந்து அவங்க கிணறு கிணறா ஏறி இறங்கிக்கிட்டு இருக்காங்க. நம்ம நாட்டுக்கு வச்சிருக்கிற கெடு 2030. கொசுவை மட்டும் அடிச்சுட்டா முடியுற கதை இல்ல இது, வைவாக்ஸ் உள்ள ஊருல மழை இல்லாத மாசத்துல கிருமி தங்குற இடம் கிணறு இல்ல, பாதி மாத்திரையோட நிறுத்துன ஆளுகளோட ஈரல்.

எனக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, மாத்திரையும் முடிச்சுட்டேன். எதுக்கு அக்கா திரும்ப விரலைக் குத்துறீங்க?

ரத்தத்துல மிச்சம் இருக்கான்னு பார்க்க. ஈரலைப் பத்தி என்னால ஒன்னும் சொல்ல முடியாது, அது உங்க பதினாலு மாத்திரை பாடு. காலி அட்டையைக் கொண்டு வந்தீங்களா? வரலையா? சரி, இடது கை, மோதிர விரல், இப்படித் திருப்புங்க.